வெள்ளை கழித்து

ஆமர் வீதி மரக்காலையில்
பில் எழுதுகிறவள் நான்.
பலாக் குற்றியின் வெட்டுமுகத்தில் ஒரு மஞ்சள் வட்டம்,
அதைச் சுற்றி மூன்று விரல் அகலத்துக்கு
வெளிறிய வளையம்.
மஞ்சளுக்கு விலை.
வளையத்துக்கு, "வெள்ளை கழித்து" என்று எழுதி
கன அடியைக் குறைக்கவேண்டும்.

மொறட்டுவையிலிருந்து வருகிற பாஸ்மார்
பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார்ப்பார்கள்.
வெள்ளையில் நகம் இறங்கும்.
"இது உளுத்துப்போகும் அக்கா, கழியுங்க."
உளுக்கத்தான் செய்யும்.
வண்டுக்குத் தெரியும் சோறு எங்கே இருக்கிறதென்று.
வைரத்தில் அதற்கு என்ன கிடைக்கும்,
கசப்பும் பிசினும் தவிர?

இந்த வேலைக்கு வந்த பிறகுதான் அறிந்தேன்:
மரத்தில் உயிரோடிருப்பது
வெளியே உள்ள அந்தக் கொஞ்சம்தான்.
வேர் குடித்த தண்ணீர் ஏறிப் போவது
நாங்கள் கழித்துவிடுகிற வழியாக.
உள்ளே இருப்பது
ஒவ்வொரு வருடமாய்ச் செத்து, அடைத்து, நிறமேறியது.
அதைத் தட்டித் தடவி
வைரம் என்கிறோம்.

வாசலில் ஒரு மாரா மரம் நின்றது.
அந்தியில் வேலை முடித்து நாங்கள் இறங்குவதற்குள்
இலை மடித்துத் தூங்கிவிடும்.
வயிற்றில் ஆள் நுழையும் பொந்து.
தேத்தண்ணி விற்கிற செய்னுலாப்தீன் நானா
தன் மூன்று ஸ்டூல்களையும்
விளிம்புடைந்த கோப்பைகளையும் ஒரு குடையையும்
இரவில் அதற்குள்தான் வைப்பார்.
பூனை ஒன்று இரண்டு தடவை அங்கே குட்டி போட்டது.
வைரமெல்லாம் எப்போதோ உதிர்ந்து
கூட்டி அள்ளக்கூட மிச்சமில்லை.
மேலே, மின்கம்பிகளுக்கும் மேலே,
இளஞ்சிவப்பாய்ப் பூ.

வைகாசிக் காற்றில்
எங்கோ ஒரு மரம் முச்சக்கரவண்டிமேல் சரிந்த கிழமை
மாநகரசபையிலிருந்து உபுல் வந்தார்.
ரப்பர் சுத்தியல். நாலு பக்கமும் தட்டினார்.
டொம். டொம்.
"உள்ளுக்கு ஒண்டுமே இல்ல மிஸ்" என்றார்,
வருத்தமாகத்தான்.
பொந்தின் விளிம்பைக் காட்டினேன்.
ஒரு சாண் தடிப்பு. ஈரம்.
அவரும் தொட்டுப் பார்த்து
விரலைக் களிசானில் துடைத்துக்கொண்டார்.
பிறகு பட்டையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.
பிழை சொல்ல முடியாது.
பள்ளிக்கூட வான் போகிற தெரு.

மூன்று வருடத்துக்கு முன்,
டோஹாவிலிருந்து அவனுடைய அழைப்பு நின்றுபோன மாதம்,
கணக்கில் ஒரு சதம் தவறவிடவில்லை நான்.
சுஹைர் ஹாஜியார் எல்லார் முன்னாலும் சொன்னார்:
"வைரம் பாஞ்ச மனுசி."
பஸ்ஸில் வெள்ளவத்தை வரும்வரை
அந்தச் சொல்லை மடியில் வைத்திருந்தேன்,
யாரோ தந்த பொட்டலம்போல.
வீட்டில் அதைத் திறந்து பார்க்கவில்லை.
அழவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெட்டினார்கள்.
ஹாஜியார் துண்டுகளைப் புரட்டிப் பார்த்து,
"முழுக்க வெள்ளை. பேக்கரிக்குக் குடுங்க" என்றார்.
நானாவின் கோப்பைகள்
இப்போது என் மேசைக்கடியில்.
பூனை எங்கே போனதென்று தெரியவில்லை.

திங்கள் காலை அடிக்கட்டையில் தண்ணீர்.
இரவு மழை இல்லை.
நடுவில் பொந்து காய்ந்துகிடக்க
சுற்றிலும் வளையம் மட்டும் கசிந்தபடி.
மேலே ஒன்றுமில்லை என்று
வேருக்கு யாரும் சொல்லவில்லை.

அன்றைய முதல் பில்:
பலா, இரண்டு குற்றி.
வெள்ளை கழித்து எழுதினேன்.
காலங்குலமும் பிழைக்கவில்லை.
பாஸ் காசை எண்ணிக்கொண்டிருந்தபோது
மேசைக்குக் கீழே
என் முன்கையின் உட்புறத்தில்
பெருவிரல் நகத்தை வைத்து அழுத்தினேன்.

இறங்கியது.